பக்கத்து இருக்கை

குத்தம்பாக்கம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் மாமாவும் கனிமொழியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் நான் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுகிறேன், முன்பு போல மெயிலில் கடிதமாகவே எழுது என்றாய். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். போன் என்றால் அம்மாவும் நடுவில் பிடுங்கிக்கொள்கிறாள்.

கம்பெனி புதிய ஜெட் வாங்குகிறது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். இத்தனை வருடம் நான் ஓட்டியதில் வட்ட வட்டமாக முள் கருவிகள் இருக்கும். கண் போகும் முன் கை போய்விடும். புதியதில் முள்ளே கிடையாது. மூன்று பெரிய திரை, கீழே இரண்டு தொடுதிரை. உயரம், வேகம், எஞ்சின், மழைமேகம் எல்லாம் அதற்குள்ளேயே. கொஞ்ச நேரம் பார்த்தாலே, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்த மாதிரி குமட்டுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஷெட் ஒன்றைத் தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர் மையமாக்கியிருக்கிறார்கள். நவம்பரில் அங்கே பயிற்சி, முடிவில் தேர்வு. பழைய விமானத்தை விற்கப்போகிறார்கள். அதற்குள் தேறாவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை.

பயிற்சி இருவர் இருவராகத்தான். என் ஜோடி ராகவன். என்னைப் போலத் துணை விமானி, நாலு வருடம் மூத்தவர், மாங்காட்டில் ஃப்ளாட். அவர் வீட்டு ஹால் சுவரில் காக்பிட் படத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டுப் பழகுகிறோம். ஒருவர் படத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும், மற்றவர் சரிபார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா சரசாம்மா தட்டில் உப்புமா கொண்டுவந்து, "சாப்பிட்டுட்டுப் பறங்கப்பா" என்கிறார். வரும் ஞாயிறு ராகவனை நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
வெற்றிச்செல்வன்

*

மஸ்கட்
8 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி வெற்றிக்கு,

நாங்கள் மூவரும் நலம். கனிமொழிக்குப் பல் விழுந்திருக்கிறது, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். எனக்கு இந்த மாதம் முழுக்க அறுவைசிகிச்சை வார்டு.

உன் மூன்று திரையும் எனக்குப் புரிகிறது. எங்கள் வார்டில் புது மானிட்டர் வந்தபோது நானும் ஒரு வாரம் திணறினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படி. மனசுக்குள் படித்தால் தப்பாகப் படிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது புதுப் பஸ் நிலையத்துப் பக்கமாக வரச் சொல். நீயே வண்டியில் போய் அழைத்துக்கொண்டு வா. ஊர் டீக்கடையில் வழி கேட்க வேண்டாம். அவ்வளவுதான்.

அம்மாவிடம் கருவாடு எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல். வந்து போனதும் எழுது.

பாசமுடன்,
அக்கா பானுப்பிரியா

*

குத்தம்பாக்கம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, படிப்புதான் காரணம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. நீங்கள் மூவரும் நலந்தானே?

ராகவன் வந்தார். ஏதோ அவசரம் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

இப்போது பயிற்சி அவர் ஃப்ளாட்டின் கீழே, கார் நிறுத்துமிடத்தில். சரசாம்மாவுக்கு முட்டிவலி, மேலே சத்தம் வேண்டாம் என்கிறார். படத்தைத் தூணில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் குப்பைத் தொட்டிகள். மாடிகளிலிருந்து இறங்கும் கழிவுக் குழாய் ஒன்று மூட்டில் கசிந்து, சுவரோடு பச்சையாக வழிகிறது. பழைய சாம்பார், நாப்கின், அழுகிய வாழைப்பழ வாடையில் உட்கார்ந்துகொண்டு நாற்பதாயிரம் அடி உயரத்தில் பறப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தைப் படிக்கப்போனால் அங்கே ஈ உட்கார்ந்திருக்கிறது.

ராகவன் ரொம்பச் சுத்தம் பார்க்கிறவர். பாக்கெட்டில் சானிடைசர் ஸ்ப்ரே வைத்திருக்கிறார். படத்தில் நான் தொட்ட இடத்தைத் தொடும் முன் அடித்துக்கொள்கிறார். தாள் ஊறி, இடதுபக்கத் திரை முழுக்கக் கொப்புளம் போல உப்பிவிட்டது. சிரிப்பாக இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம்.

வெற்றி

*

மஸ்கட்
5 செப்டம்பர் 2024

வெற்றிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பா மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குப்பைத் தொட்டியைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாய். ராகவன் நம் வீட்டுக்கு வந்ததைப் பற்றி ஒரே வரி. யார் எது சாப்பிட்டார், அம்மா என்ன சொன்னாள், ஒன்றும் இல்லை. சரசாம்மாவின் உப்புமாவையும் காணோம்.

அவர் டீக்கடையில் வழி கேட்டாரா?

உன் அக்கா

*

குத்தம்பாக்கம்
21 செப்டம்பர் 2024

அக்கா,

நலம். உங்கள் நலம் விரும்புகிறேன்.

புது விமானத்தில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். திரையின் உச்சியில் சின்னச் சின்ன எழுத்துகள் வரும். விமானம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறதோ அது பச்சையில் இருக்கும். அடுத்து என்ன செய்யக் காத்திருக்கிறதோ அது வெள்ளையில் இருக்கும். வெள்ளையைப் பார்த்துப் பச்சை என்று நினைத்துக்கொண்டால், இறங்குகிறோம் என்று நம்பிக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருப்போம். அதனால்தான் ஒருவர் சொல்வதை மற்றவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

தலைவலி. பிறகு எழுதுகிறேன்.

வெற்றி

*

மஸ்கட்
12 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நேற்று அம்மாவிடம் பேசினேன். ராகவனைப் பற்றி நான்தான் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் புள்ள மோர வாங்கிகினு கையிலயே வச்சிகினு இருந்துச்சி. நான் உள்ள போயி அப்பளம் எடுத்துகினு வர்றதுக்குள்ள தொவைக்கிற கல்லாண்ட ஊத்திட்டு, டம்ளர கீழ வச்சிட்டு வெரல பேன்ட்ல தொடச்சிகினுது. ஜன்னல்ல பாத்துகினு இருந்தேன். வெற்றி கிட்ட சொல்லாதடி. பரிச்சைக்கு படிச்சிகினு கீறான்."

அவள் உனக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறாள். நீ அவளுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறாய். இடையில் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு இருவருக்கும் "சரி சரி" என்கிறேன். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. இனி நீ எழுதினால் நடந்ததை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

பானு

*

குத்தம்பாக்கம்
15 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்தபின் அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

நான் அழைத்துவரக் கிளம்புவதற்குள் ராகவன் சீக்கிரமே வந்து, டீக்கடையில்தான் கேட்டிருக்கிறார். "காலனிக்கா?" என்று கேட்டு வழி காட்டியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் வேறாக இருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அப்பா கை நீட்டினார், அவர் கும்பிட்டார். மறுநாள் நான் மாங்காட்டுக்குப் போனபோது சரசாம்மா கதவைச் சங்கிலி போட்டே திறந்து, "கீழ இருப்பா, அவன் வருவான்" என்றார். என் பின்னால் ஏறிவந்த கொரியர்காரருக்கு முழுக் கதவும் திறந்தது.

அன்றைக்கே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கீழே இறங்கி, குப்பைத் தொட்டியை நானே தள்ளிவைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் ஸ்ப்ரே அடிக்கும்போது, "நல்ல பழக்கம் சார்" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் எனக்குக் குமட்டல் வருகிறது.

கேப்டன் இராமகிருஷ்ணன்தான் எங்கள் பயிற்சியாளர், தேர்வு வைப்பவரும் அவரே. போன வாரம் அவரிடம் ஜோடியை மாற்றித் தரக் கேட்டேன். காரணம் கேட்டார். பாதிதான் சொல்ல முடிந்தது. "ஒருத்தன் சுத்தமா இருக்கிறது ஒரு கம்ப்ளெயின்ட்டா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. சிமுலேட்டர்ல வேற ஸ்லாட் கிடையாது" என்றார். பேசிக்கொண்டே பல் குத்தி, குச்சியை மேசைமேல் வைத்தார். அறையை விட்டு வரும்வரை அந்தக் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. வேறு யாரிடமும் சொல்லாதே.

வெற்றி

*

மஸ்கட்
17 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

எழுதினாயே, அதுவே போதும். சாப்பிடுகிறாயா?

அருவருப்பு என்னுடைய தொழிலில் தினமும் வருவது. முதல்முறை ஒருவருக்குப் புண் கட்டும்போது சீழ் வாடை தாங்காமல் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். இங்கே புதிதாக வரும் பெண்களும் அப்படித்தான். ஒரு மாதத்தில் போய்விடும். உடம்புக்கு வருவது என்றால் பழகப் பழகப் போய்விடும். அதே கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவோம். அவனுக்கு வந்திருப்பது அது இல்லை. உன்னோடு இரண்டு வாரம் ஒரே தட்டு உப்புமாவைப் பகிர்ந்து தின்றவனுக்கு, டீக்கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் மோர் இறங்கவில்லை. மோரில் என்ன மாறியது?

நீ சிரித்ததற்கு உன்னையே திட்டிக்கொள்ளாதே. அந்த இடத்தில் நானும் சிரித்திருக்கிறேன். நர்ஸிங் ஹாஸ்டலில் மூன்று வருடம் சிரித்தேன்.

இப்போது படி. உன் பங்கையும் அவன் பங்கையும் சேர்த்தே படி. அவன் சரியாகச் சொல்வான் என்று நம்பி உட்காராதே. முடிந்ததும் அன்றே எழுது.

அக்கா

*

குத்தம்பாக்கம்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நேற்றுத் தேர்வு முடிந்தது. நான் தேறிவிட்டேன். ராகவன் தேறவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சிமுலேட்டர் என்பது ஆறு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் விமானத்தின் மூக்கேதான். இரண்டு இருக்கைக்கும் ஒவ்வொரு ஆக்சிஜன் மாஸ்க் உண்டு. பலர் போடுவது, அதனால் துடைக்க ஈரத்தாள் டப்பா வைத்திருப்பார்கள். எல்லோரும் ஒரு தாளால் துடைத்துப் போடுவார்கள், நானும்தான். மற்றவர் போட்டதை ராகவனும் அப்படித்தான் துடைப்பார். நான் போட்டது என்றால் டப்பாவே காலியாகும். ஆனால் இதை யாரிடம் சொல்வது? பார்த்தால் சுத்தம் பார்ப்பதாகத்தான் தெரியும்.

முதல் பாதியில் இடது இருக்கையில் நான், வலதில் அவர். மாஸ்க் போட்டுச் செய்ய வேண்டிய பயிற்சி எனக்கு நல்லபடியாக முடிந்தது. பிறகு இடம் மாறினோம். அவருக்கு மாஸ்க் துடைக்க நேரம் கொடுக்காமல் கேப்டன் உடனே ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது நிமிடமே காக்பிட்டுக்குள் புகை விட்டார்கள். தீங்கில்லாத செயற்கைப் புகைதான், ஆனால் கண் தெரியாது. நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டேன். மாஸ்க்குக்குள்தான் மைக்கும் இருக்கிறது, அதில் பேசினால்தான் மற்றவருக்குக் கேட்கும். ராகவனின் குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாஸ்க்கை எடுத்திருக்கிறார், ஆனால் முகத்தில் வைக்கவில்லை. மூக்குக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் மூச்சு விட்ட மாஸ்க்.

விமானத்தை இறக்க அவர் ஏதோ அழுத்தினார். என்ன அழுத்தினேன் என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரையின் உச்சியில் இறக்கம் வெள்ளையிலேயே நின்றது, பச்சையாகவில்லை. நாங்கள் இறங்கவே இல்லை. "இறங்கல, இறங்கல" என்று கத்தினேன். கேப்டன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார்.

"மாஸ்க் ஏன் போடல?"

"மாஸ்க் டிஃபெக்ட் சார். லீக் ஆகுது" என்றார் ராகவன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

கேப்டனும் என் பக்கம் திரும்பினார். "நீதானே இதுக்கு முன்னாடி போட்டிருந்த? லீக் இருந்துச்சா?"

ஆமாம் என்றால் கருவிக் கோளாறு என்று அந்தப் பகுதியை மட்டும் மறுபடி நடத்துவார்கள். யாருக்கும் பிரச்சினை இல்லை. ராகவன் கண்ணாலேயே கேட்டார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்ல சார். நல்லாதான் இருந்துச்சு. நான் போட்டிருந்ததால அவர் போடல" என்றேன்.

"பர்சனல் விஷயமெல்லாம் இங்க வேணாம்" என்றார் கேப்டன். மாஸ்க் அணியவில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ராகவன், "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" என்றார். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். புகை நடுவில் மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, என் மூச்சு பட்டதில் மூக்கை வைக்க மாட்டேன் என்று ஒரு ஆள். தேறிய சந்தோஷம் எனக்கு இன்னும் வரவில்லை அக்கா.

வெற்றி

*

குத்தம்பாக்கம்
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தேர்வுக் கடிதம் பார்த்த அன்று நீ போன் செய்து ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாயே, அது போதுமாக இருந்தது. எல்லோரும் நலமா? இங்கே உடம்பால் நலம்.

நேற்று மதியம் ராகவன் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. காக்பிட்டில் நான் சொன்ன வாக்கியம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டதாம். "தவறாகப் புரிந்துகொண்டு சொல்லிவிட்டேன்" என்று நான் நிர்வாகத்துக்கு ஒரு மெயில் போட வேண்டுமாம். "எனக்கு அப்படியெல்லாம் வித்தியாசம் கிடையாது வெற்றி. எங்க வீட்ல நீ சாப்பிட்டதில்லையா? இன்னிக்கு நான் இங்க சாப்பிட்டுட்டுத்தான் போவேன்" என்றார்.

அம்மா காதில் கடைசி வாக்கியம்தான் விழுந்தது. மோர் விஷயம் அவளுக்கு மறந்திருக்காது. ஆனாலும் சாப்பாடு என்று ஒருவர் கேட்டால் அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. "குந்து நைனா" என்று பாய் போட்டாள். முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். வேண்டாம் என்று சொல்லக் காரணமாக அதில் ஒரு மீன் முள் கூடக் கிடையாது.

அவர் சாப்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். மெல்லவே இல்லை. உருண்டையை நாக்கின் அடியில் தள்ளி, கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி விழுங்கினார். ஒவ்வொரு விழுங்கலுக்கும் தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. நெற்றி வேர்த்துக் கண்ணில் நீர் கோத்தது. ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டார். அம்மா, "காரமா கீதா நைனா?" என்று இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள். அவருக்கு ஓங்கரித்தது. வாயைப் பொத்தி அதையும் உள்ளே தள்ளினார்.

நான் எழுந்து போய்த் தட்டை எடுத்துவிட்டேன்.

"போதும், எழுந்திருங்க ராகவன். எங்கம்மா ஆக்கின சோத்த யாரும் மருந்து மாதிரி விழுங்க வேணாம். மெயில் வராது. கிளம்புங்க."

ராகவன் கை கழுவாமலே இறங்கினார். காருக்குப் பக்கத்தில் நின்று பாட்டில் தண்ணீர் முழுவதையும் கையில் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எங்கள் தெருவே பார்த்தது.

அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "துன்னுகினு கீறவன் தட்ட புடுங்குவியா நீ? எவன் கிட்டடா கத்துகின இத? ஊட்டுக்கு வந்தவன் ஆயிரம் செஞ்சிட்டுப் போறான்" என்று அழுதாள். அப்பா அவளிடம், "உடு வேம்பு, அவனுக்கு இன்னா வலியோ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. நீயும் நானும் மிச்சம் வைத்ததை வழித்துத் தின்றே வாழ்ந்தவள் அம்மா. யார் தட்டின் சோறும் அவளுக்குக் குப்பை இல்லை. அழுகை நின்றதும் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோழிக்குப் போடுவாள் என்று நினைத்தேன். குழி தோண்டிக் கொட்டி மண் தள்ளினாள். தட்டை மணல் போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் தேய்த்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"ஒமட்டுதுடா" என்றாள்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய வியாதி நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதா?

வெற்றி

*

மஸ்கட்
11 டிசம்பர் 2024

அன்புத் தம்பி வெற்றிக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்திருக்கிறது. நலம்.

நீ எழுதியதைப் படித்துவிட்டுப் பால்கனியில் நெடுநேரம் நின்றேன். தட்டைப் பிடுங்கியது பாவம் என்று அம்மா சொல்லட்டும். அது அவள் வளர்ந்த விதம். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

வியாதி வந்துவிட்டதா என்று கேட்டாய். ஜமீன் வயலில் நடவு நட்ட காலத்தில் அம்மாவுக்குக் கையில் ஊற்றித்தான் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் ஆறிப்போனதைப் போட்டார்கள். வாங்கி வந்து நமக்கு ஊட்டினாள். அறுபது வயது வரைக்கும் எல்லாவற்றையும் விழுங்கித்தான் வந்திருக்கிறாள். ஒரு தடவை அவளுக்கும் குமட்டட்டும். விடு.

நேற்று அவளிடம் பேசினேன். தட்டைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு மட்டன் எடுத்து வரச் சொல்லி அப்பாவைப் பூந்தமல்லிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

பாசமுடன்,
பானு

*

குத்தம்பாக்கம்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. புது விமானத்தில் பறக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் சுகம். கனிமொழிக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதா?

ராகவன் ஜனவரியில் வேறு ஜோடியோடு மறுபடி தேர்வுக்கு உட்கார்ந்து தேறிவிட்டார். மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டாராம். தேறிய கையோடு அவரைக் கேப்டனாக உயர்த்தினார்கள். பாராட்டுக் கூட்டத்தில் கேக் வெட்டினார்கள். நானும் கை தட்டினேன், உள்ளங்கை எரிந்தது. எனக்கு இப்போது அலுவலகத்தில் "கஷ்டமான ஆள்" என்று பெயர். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவுகிறது.

போன வாரம் பணிப்பட்டியல் போடும் ரோஷினி கூப்பிட்டாள். "வெற்றி சார், மதுரை ட்ரிப். கேப்டன் ராகவன், நீங்க கோ-பைலட்." போக முடியாது என்றேன். காரணம் கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்றேன்.

ஒரு மணி நேரத்தில் கேப்டன் இராமகிருஷ்ணனே போன் செய்தார். "இன்னும் அதையே பிடிச்சிட்டு இருக்கியா? மனசுல பகை வெச்சிட்டு ஃப்ளைட் ஓட்ட முடியாதுப்பா."

இந்த முறை பாதியில் நிறுத்தவில்லை அக்கா. குரலும் உயரவில்லை.

"பகை இல்ல சார். பின்னால எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பாங்க. அவசரம்னு வந்தா நான் தொட்டத அவர் தொடுவாரான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி, வை" என்றார்.

மாலையில் பட்டியல் மாறியிருந்தது. மதுரை ட்ரிப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் கேப்டன் ஜெபா என்று வேறொருவர். எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தையும் இல்லை.

மாமாவுக்கு வணக்கம். கனிமொழிக்கு என் முத்தம்.

உன் தம்பி,
வெற்றிச்செல்வன்